பழைய கார் வாங்கினீர்கள், பழுதை மறைத்துவிட்டார்கள்: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று எந்த ஊரை எடுத்தாலும், முதல் கார் வாங்குகிறவர்களில் பலர் பழைய காரில்தான் தொடங்குகிறார்கள். சீட்டு எடுத்த பணம், நகையை வைத்து வாங்கிய பணம், பி.எஃப்.பில் இருந்து எடுத்த பணம். வண்டி வீட்டுக்கு வந்து பத்து நாளில் கியர் விழ மறுக்கும், அல்லது இன்ஜின் சூடேறி நிற்கும். கடைக்குப் போனால் ஒரே பதில்: "பழைய வண்டின்னா அப்படித்தான் சார். பாத்துதானே வாங்கினீங்க?" பலர் அந்தப் பதிலோடு திரும்பிவந்து, கைக்காசைப் போட்டுச் சரிசெய்துகொள்கிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. தெரிந்த பழுதை மறைத்து விற்பது சட்டப்படி தவறு. பழைய வண்டி என்பதால் அந்தத் தவறு சரியாகிவிடாது.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். பழைய காருக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடித்துத்தான் நியாயம் கேட்க வேண்டும். இந்த மூன்றிலும் உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான்: வாங்கும் முன் நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?

சட்டத்தில் ஒரு குதிரைக் கதை

ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. உண்மையை அறிந்த ஒருவர் அதை முனைந்து மறைப்பதும் மோசடிதான். அதன் கீழே சில உதாரணங்கள் உண்டு. முதல் உதாரணம்: ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். குதிரைக்குக் குறை இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். சும்மா இருந்தது மட்டும் குற்றம் இல்லை.

அதே பிரிவில் இன்னொரு உதாரணம். வாங்குகிறவர் சொல்கிறார்: "நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்." விற்பவர் பேசாமல் இருக்கிறார். இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

குதிரையை எடுத்துவிட்டுக் காரை வைத்துப் பாருங்கள். கேட்காமல் வாங்கியவருக்கும் கேட்டுவிட்டு வாங்கியவருக்கும் சட்டத்தில் இருக்கும் தூரம் இவ்வளவுதான். அதனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் அடுத்த படியைச் செய்யுங்கள்.

முதல் படி: அட்வான்ஸுக்கு முன் ஒரு செய்தி

கடையில் நின்று பேசும்போது எல்லாம் வாய்மொழியாகவே நடக்கும். வீட்டுக்கு வந்ததும், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன், கடைக்காரரின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்:

"அண்ணா, வெள்ளை கலர் ஸ்விஃப்ட் பத்தி இன்னிக்கு கடையில பேசினோம். நீங்க சொன்னது: ஒரே ஓனர், மீட்டர்ல இருக்கிற 48,000 கிலோமீட்டர் ஒரிஜினல், பெரிய ஆக்சிடன்ட் ஆனது இல்ல, வெள்ளத்துல நின்னது இல்ல, இன்ஜினும் கியர் பாக்ஸும் பிரிச்சது இல்ல, லோன் பாக்கி இல்ல. இதுல எது தப்பா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலன்னா இதெல்லாம் சரின்னு நம்பித்தான் நாளைக்கு அட்வான்ஸ் போடுவேன்."

வண்டி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். "ஓகே சார்" என்று ஒரு வரி வந்தாலும் போதும். பதிலே வராமல் நீல டிக் மட்டும் விழுந்தாலும் அந்தக் குதிரை உதாரணம் உங்கள் பக்கம் நிற்கும். உண்மையிலேயே நல்ல வண்டி வைத்திருப்பவர் இந்தச் செய்திக்குக் கோபப்பட மாட்டார். "இதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதான் முக்கியம்" என்று மழுப்பினால், என் கருத்தில், அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவதே நல்லது.

அவர் ஆன்லைனில் போட்டிருக்கும் விளம்பரத்தையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். வண்டி விற்றதும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள்.

இரண்டாம் படி: கடையையும் காகிதத்தையும் பார்ப்பது

2023 ஏப்ரல் 1 முதல், பதிவு பெற்ற பழைய வண்டிகளை வாங்கி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சான்று ஐந்து வருடம் செல்லும். வண்டியை உரிமையாளரிடமிருந்து டீலர் கையில் எடுத்ததும் அதைப் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் வண்டிக்குப் பொறுப்பு டீலர்தான். "அங்கீகாரச் சான்று இருக்கா?" என்று கேளுங்கள். இருந்தால், "நான் வெறும் புரோக்கர்தான், எதுவா இருந்தாலும் பழைய ஓனரைக் கேளுங்க" என்று அவர் பின்னால் கை கழுவுவது கடினம். பழைய ஓனர் கையெழுத்திட்ட வெற்று 29, 30 படிவங்களை (பெயர் மாற்றத்துக்கான படிவங்கள்) மட்டும் வைத்துக்கொண்டு விற்கிறார் என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், லோன் பதிவு இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வரும். நம் பக்கம் டிஎன் 23 வேலூர், டிஎன் 73 ராணிப்பேட்டை, டிஎன் 83 வாணியம்பாடி. பெங்களூர் நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகப் போவதால் கேஏ எண்ணுள்ள கர்நாடகா வண்டிகளும், சித்தூர்ப் பக்கமிருந்து ஆந்திரா வண்டிகளும் நிறைய வருகின்றன. விலை குறைவாகத் தெரியும். ஆனால் அந்த மாநில ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) இல்லாமல் பெயர் மாறாது, தமிழ்நாட்டு ஆயுட்கால வரியும் தனியாகக் கட்ட வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அதில் 'நோ கிளெய்ம் போனஸ்', அதாவது கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று இருக்கும். கிளெய்ம் எதுவும் போடாமல் ஓட்டிவந்தால் அது 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறும். ஐந்து வயது வண்டியில், அதே ஓனரின் பெயரில், போனஸ் பூஜ்யம் என்று இருந்தால் முந்தைய வருடம் கிளெய்ம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். என்ன அடி என்று கேளுங்கள். பாலிசி இடையில் விட்டுப்போயிருந்தாலும் பூஜ்யம் ஆகும், எனவே இது கேள்வி கேட்க ஒரு காரணம், தீர்ப்பு இல்லை.

மூன்றாம் படி: வண்டியைப் பார்ப்பது

இதையும் சட்டக் காரணத்துக்காகவே சொல்கிறேன். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாங்குகிறவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளைக் காட்டிப் பின்னால் உரிமை கோர முடியாது என்கிறது. வழுக்கையான டயர், கதவில் ஒடுக்கு, கிழிந்த சீட் ஆகியவற்றுக்கெல்லாம் சண்டை போட முடியாது. உள்ளே மறைந்திருப்பதுதான் உங்கள் வழக்கு. அதனால் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், அவருக்குக் கூலியும் கொடுங்கள். கடைக்காரர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் வரும் சத்தத்தை நீங்கள் கேட்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். டெஸ்ட் டிரைவ் தெருமுனைவரை மட்டும் வேண்டாம். நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா பக்கம் கொஞ்ச தூரம், அப்புறம் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏ.சி. போட்டபடி. வேலூர் வெயிலில் சூடேறும் இன்ஜின் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 2015லும் 2023லும் வெள்ளம் வந்தது. 2021 நவம்பரில் நம் பாலாறே கரைபுரண்டது. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டிகளைக் கழுவி, சீட் துணி மாற்றி, வாசனைத் திரவியம் அடித்து விற்கலாம். ஆனால் சீட் பெல்ட்டை யாரும் கடைசிவரை இழுத்துக் கழுவுவதில்லை. முன் சீட் பெல்ட்டை உருளையிலிருந்து முழுவதும் வெளியே இழுங்கள். மேலே சுத்தமாக இருக்கும் பட்டை, அடியில் ஓரிடத்தில் சட்டென்று பழுப்பு நிறக் கோட்டுடன் மாறும். விரலால் தேய்த்தால் பொடி மண் ஒட்டும். அந்தக் கோடு தண்ணீர் ஏறி நின்ற மட்டம். அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னிக் குழி, ஃப்யூஸ் பெட்டி, சீட்டுக்கு அடியில், சீட் முன்பின் நகரும் கம்பிகளில் துரு ஆகியவற்றையும் பாருங்கள்.

மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று பார்க்க பிரேக் பெடலின் ரப்பரைப் பாருங்கள். 40,000 கிலோமீட்டரில் ரப்பரின் வரிகள் மழுங்கித் தேய்ந்து கிடக்காது. நான்கு டயரிலும் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இதைவிட உறுதியானது கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவு. வண்டி எண்ணை வைத்து ஒவ்வொரு சர்வீஸிலும் எத்தனை கிலோமீட்டர் என்று அங்கே பதிவாகியிருக்கும். கடைக்காரரிடமே கேட்டு வாங்குங்கள். "ரெக்கார்டு இல்ல சார், வெளியில சர்வீஸ் பண்ணாங்க" என்றால் அதையும் வாட்ஸ்அப்பில் எழுத வையுங்கள்.

மெக்கானிக்கிடம் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி) இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காட்சிக்கு வைக்கும் முன் பழுதுக் குறியீடுகளை அழித்துவிடும் பழக்கம் உண்டு. பல வண்டிகளில் குறியீடு அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் ஸ்கேனர் சொல்லும். அது 6 கிலோமீட்டர் என்று காட்டினால் ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள்.

நான்காம் படி: பணமும் டெலிவரி நோட்டும்

பணத்தைக் கடையின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். முதலாளியின் மச்சான் கணக்கு வேண்டாம். பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது.

டெலிவரி நோட்டில் பெரும்பாலும் அச்சடித்த ஒரு வரி இருக்கும்: "வண்டியை ஓட்டிப் பார்த்து, முழுத் திருப்தியுடன், உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்." கையெழுத்துப் போடும் முன் பேனாவால் அதன் அருகில் எழுதுங்கள்: "விற்பவர் இந்தத் தேதியில் வாட்ஸ்அப்பில் சொன்ன விவரங்களை நம்பிப் பெற்றுக்கொண்டேன்." இரண்டு நகலிலும் எழுதுங்கள். அவர் எழுத விடவில்லை என்றாலும் வழக்கு முடிந்துவிடாது. 'உள்ளது உள்ளபடி' என்ற வரி சாதாரணத் தேய்மானத்திலிருந்து அவரைக் காப்பாற்றும். பொய் சொல்லி விற்றதிலிருந்து காப்பாற்றாது.

பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பழுது வெளிப்பட்ட பிறகு

ஓட்டுவதை நிறுத்துங்கள். ஆத்திரத்தில் உடனே பிரித்துச் சரிசெய்துவிடாதீர்கள். பழுதுதான் உங்கள் சாட்சி, சரிசெய்துவிட்டால் சாட்சி போய்விடும். மீட்டர் எண்ணும் எச்சரிக்கை விளக்கும் தெரியும்படி வீடியோ எடுங்கள். வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டு) போட்டு, என்ன பழுது, எவ்வளவு நாளாக இருந்திருக்கும், என்ன செலவாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். "இது நாள்பட்ட பழுது" என்ற வரி அந்தக் காகிதத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, அவருக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம். இதில் பெரிய துணை பழைய ஓனர்தான். வாங்கும்போது இருந்த ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) அவர் பெயரும் முகவரியும் இருக்கும். மரியாதையாகப் போய்ப் பேசுங்கள். "நாங்க விக்கும்போதே கியர் பாக்ஸ் போயிடுச்சுன்னு சொல்லித்தாங்க கொடுத்தோம், அதனாலதான் விலையும் கம்மியாச்சு" என்று அவர் சொன்னால், அதை ஒரு கடிதமாக எழுதித் தருவாரா என்று கேளுங்கள். அவருக்கு உங்களோடு எந்தப் பகையும் இல்லை, பலர் தருவார்கள்.

தெரியும் என்று நிரூபிக்க முடியவில்லையா? அப்போதும் வழி இருக்கிறது. நுகர்வோர் சட்டத்தில், சொன்னது பொய் என்று காட்டினாலே நியாயமற்ற வணிக நடைமுறை என்று வாதாடலாம். தெரிந்தே செய்தார் என்று காட்டினால் இழப்பீடு கேட்க வலு கூடும். "நீங்களே பார்த்திருக்கலாமே" என்பார். ஒப்பந்தச் சட்டத்தில் அந்த வாதத்துக்கு இடம் உண்டு, ஆனால் மீட்டரைத் திருத்துவது போல முனைந்து மறைத்த விஷயத்தில் அது எடுபடுவது கடினம்.

இப்போது நோட்டீஸ். வக்கீல் வைத்து அனுப்பலாம், நீங்களே தமிழிலும் எழுதலாம். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, அவர் சொன்ன வாக்கு, வெளிப்பட்ட பழுது, சர்வீஸ் சென்டர் அறிக்கை, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது, 15 நாள் அவகாசம். இவ்வளவு போதும், திட்ட வேண்டாம். டெலிவரி ஆனதற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும், பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் தராமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைப் பட்டியலில் இருக்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் காட்டினால் இதைச் சொல்லுங்கள்.

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், ஆனால் கடைக்காரருக்குப் புகாரை அனுப்புவார்கள். சில நேரம் அதிலேயே பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். நியாயமான தொகைக்கு அவர் இறங்கிவந்தால் ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. எழுத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறியபின் வண்டியை ஒப்படையுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையம்

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குப் போடலாம். 2019 சட்டத்தின் பெரிய நன்மை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பது. குடியாத்தத்தில் இருக்கிற நீங்கள் பெங்களூர்க் கடையில் வாங்கியிருந்தாலும் பெங்களூருக்கு அலைய வேண்டாம். கட்டணம் 5 லட்சம் வரை கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. உதவி தேவை என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

காலக்கெடு இரண்டு வருடம். பேசிப் பேசியே நாளைக் கடத்துவது கடைக்காரர்களின் பழைய வழி, தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

வண்டியை வாடகைக்கு ஓட்ட வாங்கியவர்கள் ஒரு வரியைத் தவறவிடக் கூடாது. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது விதி. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஒரே ஒரு டாக்ஸியை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால், "என் பிழைப்புக்காக நானே ஓட்டும் வண்டி" என்று புகாரிலேயே எழுதுங்கள்.

புகாரோடு உறுதிமொழிப் பத்திரம், பணம் அனுப்பிய சான்று, விளம்பரம், வாட்ஸ்அப் பதிவு, ஜாப் கார்டு, நோட்டீஸ் நகல் ஆகியவற்றை வரிசையாக எண் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப் பதிவு இருக்கும் போனை விற்றுவிடாதீர்கள். மூலப் பதிவைக் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தை வட்டியோடு திருப்பித் தருவது, முடியாவிட்டால் ரிப்பேர்ச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. பழுதை இன்னும் உறுதி செய்ய வேண்டுமானால் நிபுணரை வைத்து வண்டியைப் பார்வையிட உத்தரவு கேட்டு மனு கொடுங்கள்.

புகார் ஏற்கப்பட்டபின் கடைக்காரருக்குப் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்திருக்கிறது. வழக்கை மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். விசாரணைக்கு வீடியோ வழியில் ஆஜராக அனுமதி கேட்கலாம்.

போலீஸுக்கு எப்போது போவது? சேசிஸ் எண்ணைத் திருத்தியிருந்தால், ஆர்.சி. போலி என்றால், திருட்டு வண்டி என்றால் தாமதிக்காமல் போங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலைப் பற்றியது. வெறும் இன்ஜின் பழுதுக்கு "இது சிவில் விஷயம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அந்த அலைச்சலை ஆணையத்தில் செலவிடுங்கள்.

கடையில் வாங்காமல் பக்கத்துத் தெருக்காரரிடம், வாத்தியாரிடம், சொந்தக்காரரிடம் நேராக வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் பொதுவாகக் கைகொடுக்காது, ஏனென்றால் அவர் வியாபாரி இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின்படி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அட்வான்ஸுக்கு முன் அனுப்பிய அந்தச் செய்திதான் உங்கள் முதல் ஆவணம்.

உத்தரவு உங்கள் பக்கம் வந்தால், 45 நாளுக்குள் கடைக்காரர் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். செய்வதானால் உத்தரவுத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருந்தால், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். 2019 நுகர்வோர் சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி சிவில் கோர்ட் தீர்ப்பைப் போல வசூலிக்கலாம். 72ஆம் பிரிவின்படி, உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டு பிரிவையும் சேர்த்தே கேளுங்கள்.